அழவைக்கும் பயிற்சி

தனசேகரன் நடத்தும் பயிற்சியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் யாராவது ஒருவர் அழுதாக வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு ஆசிரியை, ஒரு வார்டன், ஆளே அகப்படாத அன்றைக்கு டீ கொண்டுவந்த அம்மாள், யார் மூக்கைச் சிந்தினாலும் சரி. "பாத்தீங்களா, உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சு" என்று மைக்கில் சொல்லிவிட்டு ஒரு டிஷ்யூ பேப்பரை உருவி நீட்டுவார். அந்த டிஷ்யூ பெட்டியை மறக்காமல் எடுத்து வைப்பது செந்தமிழ்ச்செல்வியின் வேலை.

அவள் உதவிப் பயிற்சியாளர். சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை, சமூகப்பணி படித்தவள். முரண்டு பிடிக்கும் பிள்ளைகளை எப்படிக் கையாள்வது என்று ஆசிரியர்களுக்கும் விடுதி வார்டன்களுக்கும் சொல்லித்தரும் இந்தப் பயிற்சியைச் சுற்றுப்பட்டு மாவட்டங்களில் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் தனசேகரனோடு சேர்ந்து நடத்தியிருக்கிறாள். நடத்தியிருக்கிறாள் என்றால், சார்ட் ஒட்டியிருக்கிறாள், ஸ்கெட்ச் பேனாவுக்கு மூடி தேடியிருக்கிறாள், நூல்கண்டைச் சிக்கெடுத்திருக்கிறாள். நூல்கண்டு விளையாட்டு இல்லாமல் தனசேகரனுக்குப் பயிற்சி கிடையாது. கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிற பெரிய மனுஷர்கள் எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டு ஒருவர்மேல் ஒருவர் கம்பளி நூலை வீச வேண்டும். வீசி முடித்தால் நடுவில் வலை மாதிரி ஒன்று வரும். "இந்த வலைதான் நம்ம பிள்ளைங்களத் தாங்கப் போகுது" என்பார். கைதட்டல் விழும். அப்புறம் அந்த வலையை யாரும் சீந்த மாட்டார்கள். செல்வி தரையில் உட்கார்ந்து அதைத் திரும்பச் சுற்றுவாள்.

பேனரில் டாக்டர் தனசேகரன் என்றுதான் போட்டிருக்கும். எதில் டாக்டர் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அக்கறையுள்ளவர்கள் அங்கே வருவதும் இல்லை. அன்றைக்குப் பயிற்சி, வெள்ளிமலைக்கு மேலே ஒரு டிரஸ்ட் நடத்துகிற, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில். நைனார்பாளையத்திலிருந்து மலையேறி வந்திருந்த சுபாஷ் என்கிற கணக்கு வாத்தியார், நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, "மேடம், சர்ட்டிபிகேட் இன்னைக்கே குடுத்துடுவீங்கல்ல?" என்று ஆரம்பித்துவிட்டார். பின்வரிசை மொத்தமும் குனிந்த தலை நிமிராமல் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த ஜென்மங்களிடமா பிள்ளைகள் வந்து மாட்ட வேண்டும் என்று செல்விக்கு வயிறு எரிந்தது. தன் வீட்டு அடுப்பும் இவர்களை வைத்துத்தான் எரிகிறது என்பதை மட்டும் அவள் அதிகம் யோசிப்பதில்லை.

நூல்கண்டு முடிந்தால் அடுத்தது லைவ் டெமோ. இதுதான் தனசேகரனின் சரக்கு. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பெரிய தலைவலி என்று பெயரெடுத்த ஒரு பிள்ளையை மேடையில் ஏற்றி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் பேசிப் பேசிக் கரைத்து, அழவைத்து, அணைத்துக்கொண்டு போட்டோ எடுப்பது. பேசுவதற்கென்று ஒரு காலி நாற்காலியைப் போடுவார். செத்துப்போனவரோ ஓடிப்போனவரோ அதில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு பிள்ளை மனம்விட்டுப் பேச வேண்டும். இதைப் பக்குவமாகச் செய்தால் பலன் உண்டு என்று செல்வி படித்திருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பிள்ளை ஒரு ஆள் என்று பல வாரம் பழகிய பிறகு செய்ய வேண்டியது. தனசேகரன் அதை மைக் வைத்துச் செய்தார்.

இந்தத் தடவை மேடைக்கு எழில்மதி. பத்தாவது படிக்கிறாள், கள்ளக்குறிச்சி கருணாபுரத்துப் பெண். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாளி சாம்பாரை வார்டன் காசியம்மாள்மேல் கவிழ்த்திருந்தாள். நல்லவேளை, சாம்பார் ஆறிப்போயிருந்தது. அந்த விடுதியில் சாம்பார் எப்போதுமே ஆறித்தான் இருக்கும். தலைமை ஆசிரியர் தங்கதுரை இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர், ரிசல்ட் ஒன்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத மனிதர். "இந்தப் பொண்ணு இருந்தா ஹாஸ்டலே கெட்டுடும். இன்னிக்கு வந்து கூட்டிக்கினு போங்கன்னு வூட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். டிசி ரெடி" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, "டாக்டர் ஒரு தபா பேசிப் பாக்கட்டும். திருந்துற மாதிரி தெரிஞ்சா பரிட்ச வரைக்கும் வெச்சிக்கலாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

மேடைக்கு ஏற்றுமுன் பிள்ளையைத் தயார்படுத்துவதும் செல்வியின் வேலைதான். சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் பேசினாள். ஒடிசலான பெண், பின்னலை இறுக்கிப் போட்டிருந்தாள், கேட்ட கேள்விக்கு நேராக முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"வார்டன் மேல ஏன் ஊத்துன?"

"குடிகாரன் பெத்ததுக்கு வாய் ஜாஸ்தின்னாங்க மிஸ்."

"அதுக்காக?"

"எங்கப்பா குடிக்காது மிஸ். டீ குடிச்சாலே பாதி கிளாஸ வச்சிடும்."

செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. கருணாபுரம், கள்ளச்சாராயச் சாவு, அப்பன் இல்லாத பிள்ளை என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"உங்கப்பா இறந்துட்டாருன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னது? அது உசுரோடதான் கீது. மார்க்கெட்டாண்ட மூட்ட தூக்குது. செத்தது எங்கம்மா." அவள் குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. "சித்தாள் வேல. தலையில சட்டி தூக்கித் தூக்கி ஒடம்பு நோவும். நோவுக்கு எப்பனா ஒரு நாளு வாங்கிக் குடிக்கும். அன்னிக்கும் அதான் குடிச்சிது."

பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தது சித்தி கமலா. அப்பா பிச்சைமுத்து அப்போது கேரளாவில் வேலையில் இருந்தாராம். கருணாபுரத்துப் பிள்ளைகளுக்கென்று ஏதோ ஒரு கம்பெனி பணம் கட்டுகிற திட்டம் அது. ஊர்ப்பெயரைச் சொன்னதுமே ஆபீசில் "அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டி, அப்பா இல்லாத பிள்ளை என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். போனது அப்பனா அம்மாவா என்று கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர் யாரும் பார்க்க வந்ததில்லை, லீவுக்கு அவளேதான் இறங்கிப் போய் வந்தாள்.

"இத வார்டன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"இன்னான்னு மிஸ் சொல்றது? அப்பா குடிச்சி செத்துச்சுன்னா ஐயோ பாவம்பாங்க. அம்மான்னா இன்னா சொல்லுவாங்க, உங்களுக்குத் தெரியாதா?"

செல்விக்குத் தெரியும். தெரிந்ததை மென்று முழுங்கிக்கொண்டு, "டிசி குடுத்துட்டா என்ன பண்ணுவ?" என்றாள்.

"நூல் மில்லுக்கு ஆள் எடுக்கறவன்கிட்ட சித்தி சொல்லி வச்சிக்கீது. அப்பா வாணாங்குது. எத்தினி நாளிக்கு வாணாங்கும்? பத்தாவது மட்டும் முடிச்சிட்டன்னா நர்சுக்கு எதுனா படிப்பேன் மிஸ்."

அப்போதுதான் செல்வி அதைச் சொன்னாள். பிற்பாடு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்த வார்த்தை. "சார் உன்ன மேடைக்குக் கூப்பிடுவாரு. கேக்கறதுக்கெல்லாம் சரின்னு சொல்லு. கடைசில அழுதுடு. அழுதா வெச்சிக்குவாங்க."

எழில்மதி "யாருக்காவ அழணும் மிஸ்?" என்று கேட்டாள். அதில் கிண்டல் இருந்ததா இல்லையா என்று செல்வியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

டீ நேரத்தில் தனசேகரனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "சார், அந்தப் பொண்ணுக்கு அப்பா உயிரோட இருக்காரு. சாராயத்துல போனது அம்மா."

அவர் பிஸ்கெட்டை டீயில் முக்கினார். முக்கியது உடைந்து உள்ளே விழுந்துவிடாதபடி வாயில் போட்டுக்கொண்டபின்தான் யோசித்தார். "அம்மாவா? அம்மா குடிச்சாங்கன்னா ஹால்ல ஃபீல் வராதும்மா. மூஞ்ச சுளிச்சிடுவாங்க. அப்பான்னே வெச்சுக்குவோம்."

"உயிரோட இருக்கறவர எப்படி சார்?"

"நாற்காலிக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தார். "டெக்னிக் ஒண்ணுதான செல்வி. தங்கதுரை சார் என் வார்த்தைக்காக வெயிட் பண்றாரு. அந்தப் பொண்ணுக்கு ஒரு நல்லது நடக்கப்போகுது. நடுவுல பூந்து குழப்பாத."

குழப்பினால் என்ன ஆகும் என்பது செல்விக்கும் தெரிந்துதான் இருந்தது. மேடையில் ஏறி இது பொய் என்று சொன்னால் தனசேகரன் முகம் சுருங்கும், தங்கதுரை முகம் கறுக்கும், பொய் சொல்லி இடம் பிடித்த பெண் என்று எழில்மதிக்கு அந்த நிமிஷமே டிசி. ஆகவே செல்வி போய் நாற்காலியைத் துடைத்து மேடையில் போட்டாள். அதையும் அவள்தான் போட வேண்டியிருந்தது.

ஹாலில் இடம் போதாமல் வராந்தாவிலும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். எழில்மதி மேடையேறினாள். தனசேகரன் தேன் தடவிய குரலுக்கு மாறினார்.

"பயப்படாதம்மா. இந்த நாற்காலியில இப்ப யாரு இருக்காங்கன்னு நெனச்சுக்கற? உங்க அப்பா. உன்ன விட்டுட்டுப் போன அப்பா. அவர்கிட்ட இன்னிக்கு நீ பேசலாம்."

அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் டிஷ்யூ பெட்டியோடு நின்ற செல்வியைப் பார்த்தாள். செல்வி தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பேசும்மா. ஏன் குடிச்சீங்கன்னு கேளு."

"ஏன் குடிச்ச?" என்றாள் எழில்மதி. ரோட்டில் போகிறவனிடம் மணி கேட்பது போல இருந்தது. பின்வரிசை திரும்பவும் போனைக் கையில் எடுத்தது.

தனசேகரனுக்குக் கூட்டம் கைநழுவுவது தெரிந்துவிட்டது. இந்த இடத்தில் எப்போதும் செய்வதைச் செய்தார். நாற்காலியை இழுத்து அவள் முழங்காலுக்கு நெருக்கமாகப் போட்டார். "மனசுலேந்து வரணும். உனக்கு அவர்மேல கோபம் இருக்கு. அந்தக் கோபத்ததான் நீ வார்டன் மேல கொட்டின. அத அவர்மேல கொட்டு. குடிகாரான்னு கூப்பிடு. சொல்லு. கூப்பிட்டாதான் உனக்கு ஆறும்."

எந்த வார்த்தைக்காக எழில்மதி ஒரு வாளி சாம்பாரைத் தூக்கி ஊற்றினாளோ அந்த வார்த்தையை அவள் வாயாலேயே கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடு, எழுந்து ஓடிவிடு என்று செல்வி மனசுக்குள் கத்தினாள்.

"குடிகாரா" என்றாள் எழில்மதி.

"சத்தமா."

"குடிகாரா!"

சொன்னதும் உடைந்துபோனாள். நடிப்பில்லை. உடம்பு குலுங்கியது, மூச்சு விக்கியது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் தலையை முட்டிக்கொண்டாள். "ஏன் குடிச்ச, நோவுதுன்னா ஒரு மாத்தர வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா, தைலம் தேச்சி வுட்டிருப்பன்ல" என்று என்னென்னவோ சொல்லி அழுதாள். அது யாருக்குச் சொன்னது என்று அந்த ஹாலில் செல்விக்கு மட்டும்தான் தெரியும்.

தனசேகரன் முகம் மலர்ந்துவிட்டது. செல்வி பக்கம் விரலைச் சொடுக்கினார், டிஷ்யூவுக்கு. செல்வி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹாலில் அங்கங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம். சுபாஷ் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாரையும்விட அதிகமாக அழுதது காசியம்மாள். அந்த வார்த்தையை முதலில் எடுத்துவிட்ட புண்ணியவதி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, "எம்மா மனசுல வச்சிக்கினு இருந்திருக்குது பாரேன், இந்தப் பாழாப்போன அப்பனால" என்று பக்கத்து நாற்காலியிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். செல்விக்கு அவளை அப்படியே தூக்கி அந்தச் சாம்பார் வாளியில் போடலாம் போலிருந்தது.

தனசேகரன் எழில்மதியின் தோளை அணைத்துக்கொண்டு கேமரா பக்கம் திரும்பினார். தங்கதுரை மேடையேறி, டாக்டரின் சேவையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, "நம்ம பொண்ணு நம்மகிட்டயே பத்தாவது எழுதும்" என்று அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து ஓடினார்கள். ஓடும்போது கண்ணில் ஈரம் காய்ந்திருந்தது, அன்றைக்குச் சிக்கன்.

செல்வி வராந்தாவுக்கு வந்தாள். ஸ்பீக்கருக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து ஒரு ஆள் நின்றிருந்தார். கழுத்தும் தோளும் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன ஆள். வெள்ளைச் சட்டை, இன்றைக்கென்று தேய்த்துப் போட்டது. கையில் பெட்டி துணி எடுத்துப்போக ஒரு கட்டைப்பை. மூக்கும் நெற்றியும் அப்படியே எழில்மதி.

"எழில்மதியோட சித்தி வருவாங்கன்னாங்களே" என்றாள் செல்வி.

"கமலாக்கு ஒடம்பு சரியில்லிங்க. டிசி தரோம் வாங்கன்னு போன் வந்திச்சாம். நான் வந்தங்க." அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். "வந்து ரொம்ப நேரம் ஆவுது."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டங்க." கட்டைப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "புள்ள ரொம்ப அழுதிச்சே மிஸ். வச்சிக்குவாங்களா?"

"வெச்சுக்குவாங்க. சொல்லிட்டாங்க."

"அப்பறம் இன்னா" என்றார் பிச்சைமுத்து. சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை.

செல்விக்கு அந்த மனிதரின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. இத்தனை நாளாகப் பயிற்சிக்கு வருகிறவர்களைப் பார்த்து மனசுக்குள் தான் துப்பிய எச்சில் எல்லாம் தன் முகத்திலேயே வழிவது போல இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் எழில்மதி கதவைத் தாண்டி ஓடிவந்தாள், அவரைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அவளுக்குப் பின்னாலேயே பல் குத்திக்கொண்டு தனசேகரனும் தங்கதுரையும் வந்தார்கள்.

"யாரு இவரு?" என்றார் தனசேகரன்.

"டிசி வாங்க வந்த ஆளாட்டம் கீது" என்ற தங்கதுரை, "நீ பொண்ணுக்கு இன்னா வேணும்பா?" என்று கேட்டார்.

பிச்சைமுத்து மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பிசகினால் உள்ளே கிடைத்த இடம் வெளியே போய்விடும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கிவிட்டது.

"மாமனுங்க" என்றார். "அவங்கம்மா கூடப் பொறந்தவன்."

"நல்லது, நல்லது." தனசேகரன் அவர் தோளில் கை போட்டார். மேடையில் போட்ட அதே கை, அதே குரல். "உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்கங்க. அந்தப் பொண்ணோட அப்பன் குடிச்சுக் குடிச்சு அதோட வாழ்க்கையில ஒரு பெரிய ஓட்டை போட்டுட்டுப் போயிட்டான். அத யாராவது அடைக்கணும். நீங்கதான் இனிமே அதுக்கு அப்பா மாதிரி இருக்கணும். முடியுமா?"

"முடியுங்க."

"பழக்கம் ஏதாவது உண்டா?"

"இல்லிங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றது" என்று சொல்லிவிட்டு, தனசேகரன் முகத்தை அவர் வாயருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிச்சைமுத்து அசையாமல் நின்றார். மூட்டை ஏற்ற முதுகைக் கொடுக்கிற ஆள் நிற்பது போல, கொஞ்சம் குனிந்து வசதியாக நின்றார்.

"குட்" என்றார் தனசேகரன், திருப்தியாக.

செல்வி எழில்மதியின் கையைத் தொடப் போனாள். எழில்மதி கையை உதறிக்கொண்டாள், அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிறந்ததிலிருந்து வா, போ என்று கூப்பிட்டுப் பழகிய அப்பனின் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கெளம்புங்க மாமா. பஸ்ஸு போயிடும்."